இடது பக்கம் பார்க்கும் ராஜா

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள், யார் யார் என்று அடையாளம் தெரியாது. நம் நாணயச் சங்கத்து ஆண்டு மலருக்காக இதைத் தட்டச்சு செய்கிறவர் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். ராஜாக்களின் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் செயலாளர் வரதராஜன் சாரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். சாப்பாடும் பஸ்ஸும் மழையும் என் சொந்தச் சரக்கு.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பிளேட் அடிக்கிற மிஷின் ஓட்டுகிறேன். ஆட்டுத்தோலை உள்ளே வைத்து, சூடான இரும்புத் தகட்டை மேலே இறக்கினால், தகட்டில் வெட்டியிருக்கும் முதலைச் செதில் தோலில் ஏறிவிடும். ஆடு முதலையாக வெளியே வரும். கம்பெனி இத்தாலியில் இதே மாதிரி பெரிய மிஷின் ஒன்றைப் பழசாக வாங்கியது. அதைக் கழற்றிப் பெட்டியில் அடைக்கும்போது ஓட்டத் தெரிந்தவன் ஒருத்தன் பக்கத்தில் இருந்தால் இங்கே பூட்டும்போது பேஜார் இருக்காது என்று முதலாளி நினைத்தார். மேனேஜர் ஜெயக்குமார் சாரோடு என்னை அனுப்பினார். நான் அதற்கு முன்னால் போன தூர ஊர் பெங்களூர்.

எனக்கு அந்தப் பயணத்தில் சொந்த வேலையும் ஒன்று இருந்தது. அதைச் சாரிடம் சொல்லவில்லை. வெட்கம்.

வேலூர் லாங் பஜாரில் பழைய பித்தளைச் சாமான் வாங்கி விற்கும் பாஷா பாயை நம் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குக் காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்ததே அவர் கடையில்தான். ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சாமான் மூட்டையில், ஒரு செம்பின் அடியில் மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்காசு இருந்தது. ஒரு பக்கம் தலையில் இலை மாலை கட்டிய ராஜா. மறுபக்கம் நாற்காலியில் ஓர் அம்மா, கையில் ஒரு கிளை. பாய் அதைக் கழுவி என் சட்டைப் பையில் போட்டார். "வெச்சிக்க தேவராஜு. நான் பித்தளைக்காரன், எனக்கு இன்னாத்துக்கு ராஜா" என்றார்.

அதை ஒரு மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தேன். வரதராஜன் சார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ரோமாபுரி ராஜா டைபீரியஸ் என்றார். பிறகு முகம் மாறியது. "இந்தக் காசில் டைபீரியஸ் எப்பவும் வலது பக்கம்தானே பார்ப்பான்? இவன் இடது பக்கம் பார்க்கிறான். அந்த அம்மாவும் திரும்பி உட்கார்ந்திருக்கா. இது இப்ப பண்ணினது. தேவராஜ், பித்தளைக் கடையில உமக்கு நல்லா பூ சுத்திட்டாங்கய்யா." எல்லோரும் சிரித்தார்கள். பாஷா பாய் அங்கேயே, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் டீ வைத்திருந்தது. எழுந்து, டீயைத் தொடாமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். "காசு போலின்னா நானும் போலி. அது முடிவாகட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார். எடை போடுவதற்குத் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் வரவில்லை.

ராஜா பிறந்த ஊருக்கே போகிறோமே, அங்கே யாரிடமாவது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பழங்காசை நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போகக் கூடாது, அது சட்டம். அதனால் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அது போதாது என்று தோன்றியது. செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் பட்டைத்தோலில் ஒரு துண்டை நனைத்து, காசின் இரண்டு பக்கத்தையும் கையால் மெதுவாக அழுத்தி எடுத்தேன். காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது. ராஜாவின் காது மடல்கூடத் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டில் வைத்துக்கொண்டு சோறு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாது அது, காஞ்ச அப்பளமா?" என்றாள் என் மனைவி.

இத்தாலியில் இறங்கிய அன்றே போனைத் தொலைத்தேன். ரயிலில் ஜன்னலை ஒட்டி ஒரு சின்னப் பலகை இருக்கிறது. எல்லோரும் அதில் போனை வைத்தார்கள், நானும் வைத்தேன். எல்லோரும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள், நான் ஊறுகாய்ப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரயில் போய்விட்டது. ஜெயக்குமார் சார் ஸ்டேஷனில் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். "உட்டுடு தேவராஜ். ஊறுகா இருக்குதில்ல" என்றார்.

நாங்கள் தங்கிய ஊர் பிசாவுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் நடுவில், ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் தோல் ஊர் என்று சொல்லிவிடுவேன். அதே வாடை. ஆனால் மெலிசாக, மழை பெய்த மறுநாள் வாணியம்பாடி மாதிரி. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. பாலாற்றில் அவ்வளவு தண்ணீரை நான் வெள்ளத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஜெயக்குமார் சார் பாலத்தின் மேல் நின்று, "இவனுங்களுக்கு எவ்ளோ தண்ணி பாரு" என்று பொறாமையோடு சொன்னார்.

அந்த ஊர் ரொட்டியில் உப்பே போடுவதில்லை. மறந்துவிட்டார்கள் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாளும் இல்லை. காலங்காலமாக அப்படித்தானாம். மாவடு ஊறுகாய் இல்லாவிட்டால் நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். சோறு என்று கொடுத்ததும் அரை வேக்காடு, கொழகொழவென்று இருந்தது. சார் அதைக் கிளறிக்கொண்டே ஆம்பூர் பிரியாணியைப் பற்றியும் கத்தரிக்காய்த் தொக்கைப் பற்றியும் பேசினார். பக்கத்து மேசைக்காரர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

மிஷின் இருந்த தொழிற்சாலையில் பல்வீந்தர் என்ற பஞ்சாப்காரர் வேலை செய்தார். டிரம்மில் தோல் போட்டு எடுக்கிற வேலை. உயரமான ஆள், தாடி நரைத்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அக்கம்பக்கம் எல்லாம் பாய் வீடுகளாக வளர்ந்ததால் உருது வரும். நான் பேசியதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நக்கோவா? வேண்டாம் என்பதற்கு நக்கோவா? இது எந்த ஊர் உருது?" என்றார். "ஆம்பூர் உருது" என்றேன். அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், சாப்பிட்டீர்களா என்பதற்குப் பதிலாக, "டீ நக்கோவா?" என்றுதான் கேட்பார்.

ஜெயக்குமார் சாரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். தோல் துண்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து ஊரில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் இப்படிக் காசுகள் இருக்கும், ஒரு வயசான அம்மா வைத்திருக்கிறாள் என்றார். சனிக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் கூட்டிப்போனார்.

பஸ் டிக்கெட்டை அங்கே புகையிலைக் கடையில் விற்கிறார்கள். வாங்கினால் மட்டும் போதாது, பஸ்ஸில் ஏறியதும் ஒரு மிஷினின் வாயில் கொடுத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். நான் டிக்கெட்டைத் தலைகீழாகக் கொடுத்தேன். மிஷின் துப்பிவிட்டது. மறுபடி கொடுத்தேன், மறுபடி துப்பியது. பின்னால் நின்ற ஒரு பாட்டி பொறுக்க முடியாமல் என் கையிலிருந்து பிடுங்கித் தானே குத்திக் கொடுத்தாள். "உன் நண்பர் எங்கிருந்து வருகிறார், சந்திரனிலிருந்தா?" என்று கேட்டாளாம். பல்வீந்தர் மொழிபெயர்த்தார்.

கடை சின்னது. ஒரு ரொட்டிக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் இருந்தது. கடைக்கார அம்மாவின் பெயர் லூச்சியா. ஒல்லியாக இருந்தாள், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அங்கே ஒரு பூனை படுத்திருந்த நாற்காலியைத் தவிர உட்கார இடமில்லை. பூனையை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தாள்.

தோல் துண்டைக் கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்த்தாள். "பட்டை போட்டுப் பதப்படுத்தியது" என்றாள். தோல் ஊர்க்காரிதானே. பிறகு வெல்வெட் தட்டு ஒன்றை இழுத்தாள். அதில் வரிசையாக டைபீரியஸ். எல்லாமே அதே ராஜா, அதே நாற்காலி அம்மா. எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். அவள் ஒவ்வொன்றாக விளக்குக்கு அடியில் வைத்தாள்.

ஒன்றில் நாற்காலியின் கால் கடைசல் பிடித்துக் குண்டு குண்டாக இருக்கிறது, இன்னொன்றில் நேராக இருக்கிறது. ஒன்றில் அம்மாவின் காலுக்குக் கீழே ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு. ஒன்றில் கையில் இருப்பது கோல், இன்னொன்றில் தலைகீழாகப் பிடித்த ஈட்டி. ராஜாவின் மாலை முடிச்சிலிருந்து தொங்கும் ரிப்பன் ஒன்றில் கழுத்தின் மேல் விழுகிறது, ஒன்றில் பின்னால் பறக்கிறது. ஒரே ராஜா, பல கைகள் என்றாள். அச்சு வெட்டுகிறவர்கள் பல பேர், தேய்ந்துபோனால் புதுசு வெட்டுவார்கள். நாற்காலிக் காலை யார் எப்படி வெட்டினார் என்று பார்ப்பதே ஒரு வாழ்நாள் வேலை என்றாள். தோலில் ஒரே ஆட்டின் முதுகும் வயிறும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு என் தோலைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். தோலில் ராஜா வலது பக்கம் பார்த்தார். தட்டில் இருந்த ராஜாக்களும் வலது பக்கம் பார்த்தார்கள். நாற்காலி அம்மாவும் அப்படியே, தட்டில் இருந்த அம்மாக்கள் திரும்பிய பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக் கால் மட்டும் கொஞ்சம் கோணல். எழுத்து தேய்ந்திருந்தது.

"நல்ல காசு. எல்லாம் சரியாக இருக்கிறது. உங்கள் நாட்டுக்கு இவை மிளகு வாங்கப் போனவைதானே" என்றாள்.

பல்வீந்தர் என் முதுகில் ஒன்று வைத்தார்.  பாஷா பாய் முகம்தான் கண்ணில் நின்றது. நன்றி என்பதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் கற்றுக்கொண்டு போயிருந்தேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவளுக்கும் சந்தோஷம். விற்பதற்கு இல்லாத ஒன்றைக் காட்டுகிறேன் என்று உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்தாள். கிரேக்கர்கள் இத்தாலியின் தெற்கே வந்து குடியிருந்தபோது அடித்தவையாம். ஒரு காசில் பார்லிக் கதிர். கதிரின் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டுக்கிளி. அதே கதிர் இன்னொன்றில், பக்கத்தில் எலி. இன்னொன்றில் ஏர். கடைசியாக எடுத்த காசுதான் விநோதம். மெல்லிய தகடு. ஒரு பக்கம் ஒரு காளை மேடாக நிற்கிறது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. திருப்பினால் அதே காளை பள்ளமாக. முன்பக்கத்தில் இடது பக்கம் நின்ற காளை பின்பக்கத்தில் வலது பக்கம் நிற்கிறது.

அழகாக இருந்தது. பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்தக் காளை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. மேடு, பள்ளம். இடது, வலது. ஆற்றுப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது தோல் துண்டை வெளியே எடுத்தேன். தோலில் ராஜா வலது பக்கம் பார்க்கிறார் என்றால், காசில் இடது பக்கம் பார்க்கிறார். பிளேட்டில் இருப்பது தோலில் திரும்பித்தான் விழும். இத்தனை வருஷமாக இதைத்தானே செய்கிறேன்? ஆனால் நான் அடிப்பது முதலைச் செதில். முதலைச் செதிலுக்கு இடம் ஏது, வலம் ஏது? லூச்சியா அம்மா பார்த்தது என் காசே இல்லை. என் காசைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி. எதற்காக அதைப் போலி என்றார்களோ அந்தக் குறையை நானே தோலில் சரிசெய்து கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

பல்வீந்தரிடம் அப்போது சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார். அன்று அவர் வீட்டில் ரொட்டியும் ராஜ்மாவும் போட்டார்கள். ரொட்டியில் உப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயக்குமார் சார் ஃப்ளோரன்ஸ் பார்க்கக் கூட்டிப்போனார். பெரிய கோயில், பெரிய சிலைகள், பெரிய வரிசைகள். சந்தையில் ஒரு தள்ளுவண்டிக்காரன் மாட்டுக் குடலை வேகவைத்து, ரொட்டியைப் பிளந்து அதில் வைத்து, சாற்றில் ஒரு முக்கு முக்கிக் கொடுத்தான். போட்டி! ஆம்பூரில் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்கிற அதே குடல்கறி. மிளகாய்தான் கம்மி. சார் பார்க்க மறுத்தார், பிறகு ஒரு வாய் கேட்டார், பிறகு தனக்கு ஒன்று வாங்கினார். எனக்குத்தான் இறங்கவில்லை. பாஷா பாயிடம் போய், "அந்த ஊர் அம்மாவே சொல்லிட்டாங்க பாய், நெசம்தான்" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவரும் சும்மா ஆள் இல்லை. எடைக்கல்லை உள்ளங்கையில் வைத்தே குறையைச் சொல்லிவிடுகிற ஆள்.

"இன்னா தேவராஜ், மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? வயிறு சரியில்லையா?" என்றார் சார்.

சொல்லிவிட்டேன். காசு, பாய், டீ, தோல் எல்லாவற்றையும். நான் அவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "நம்ம கம்பெனி பேரு பிளேட் வந்துச்சே, அந்த மாதிரியா?"

ஆமாம், அந்த மாதிரிதான். ஒருமுறை கம்பெனிப் பெயரை அடிக்கப் புது பிளேட் ஒன்று வந்தது. வெட்டியவன் புதுசு. காகிதத்தில் இருந்ததைப் பார்த்து அப்படியே நேராக வெட்டிவிட்டான். அடித்தால் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழுந்தது. ஒரு கட்டுத் தோல் வீணாகி, அதில் எல்லோருக்கும் வீட்டுக்குக் கால்மிதி கிடைத்தது.

"அப்போ படம் வேணும்டா. ஊட்டுக்குப் பேசு" என்று தன் போனைக் கொடுத்தார். என் மகள் பீரோவிலிருந்து காசை எடுத்து, இரண்டு பக்கமும், விளிம்பும், படம் பிடித்து அவர் போனுக்கு அனுப்பினாள். பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "போனைத் தொலைச்சிட்டு ராஜாவைத் தேடறாரா உங்கப்பா?"

கடை செவ்வாய்க்கிழமை திறக்கும். செவ்வாய்க்கிழமை பஸ் ஓடவில்லை, ஸ்ட்ரைக். காலையில் நிறுத்தத்தில் நின்றவர்கள் யாரும் கோபப்படவில்லை. ஒருவர் ஸ்ட்ரைக் என்றார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். நம் ஊராக இருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்போம். பல்வீந்தர் தன் சைக்கிளைக் கொண்டுவந்தார். பின்னால் கேரியர் இல்லை. முன்கம்பியில் உட்காரச் சொன்னார். ஐம்பதை நெருங்கும் ஆளை முன்கம்பியில் வைத்து ஓட்டுகிற சர்தார்ஜியை அந்த ஊர் பார்த்திருக்காது. ஆற்றங்கரைப் பாதையில் நடந்த நாய்கள்கூட நின்று பார்த்தன. நடுவழியில் மழை பிடித்தது. ஜெயக்குமார் சாரின் போனை நான் சட்டைக்குள், பனியனுக்குள், இன்னும் உள்ளே வைத்துக்கொண்டேன்.

"இறங்குகிறேன், நடந்து வருகிறேன்" என்றேன்.

"நக்கோ" என்றார் பல்வீந்தர்.

லூச்சியா அம்மா எங்களைப் பார்த்ததும் ஒரு துண்டைக் கொடுத்தாள். பூனை இந்த முறை தானாகவே எழுந்துவிட்டது. நான் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சைக்கிளிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. தோல் துண்டை அவள் முன்னால் வைத்தேன். "இது பொய்" என்றேன். பல்வீந்தர் என்னைப் பார்த்தார். "மொழிபெயர்க்கட்டுமா?" என்றார். சொல்லுங்கள் என்றேன். போனைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். தோலில் ராஜா வலது பக்கம், போனில் ராஜா இடது பக்கம்.

அவள் இரண்டையும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நாற்பது வருஷமாக அச்சைப் பற்றிப் பேசுகிறவள் நான். பள்ளமாக இருப்பதைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே" என்றாளாம்.

போலியா என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் வந்தேன்.

அவள் போனில் படத்தைப் பெரிசாக்கினாள். நாற்காலியைக் காட்டினாள். அது ரோமாபுரி நாற்காலி இல்லை. கால்கள் ஒன்றோடொன்று பின்னிய முக்காலி மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்காதவன் வெட்டியது என்றாள். கையிலிருந்த கிளையில் இலைக்குப் பதில் மணி மணியாக ஏதோ தொங்கியது. சுற்றியிருந்த எழுத்தைக் காட்டி, இது எழுத்தே இல்லை, எழுத்து மாதிரி கோடு என்றாள். தேய்மானம் என்று நாம் எல்லோரும் நினைத்தது அதுதான்.

பிறகு விளிம்புப் படத்தில் ஒரு சின்ன வெடிப்பைக் காட்டினாள். சுத்தியால் ஓங்கி அடிக்கும்போது வெள்ளி இப்படி வெடிக்கும். இந்தக் காலத்துப் போலிக்காரர்கள் பெரும்பாலும் நல்ல காசிலிருந்து வார்ப்பு எடுப்பார்கள். அதில் ராஜாவின் முகம் திரும்பாது. ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தபடியே இரும்பில் வெட்டுகிறவனுக்குத்தான் திரும்பும். உங்கள் நாட்டில் அந்தக் காலத்திலேயே இப்படிப் பார்த்து அடித்த காசுகள் கிடைத்திருக்கின்றன, புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லி, ஏணி போட்டு ஏறி ஒரு புத்தகத்தை எடுத்தாள். அதில் இதே ராஜா இல்லை, வேறு ராஜா. ஆனால் அவரும் முகம் திரும்பியிருந்தார்.

"கையில் வாங்கிப் பார்க்காமல் சத்தியம் பண்ண மாட்டேன். எடை போட வேண்டும், உரசாமல் சோதிக்க வேண்டும். ஆனால் கேட்டால், பழசு என்றுதான் சொல்வேன். ரோமில் அடித்தது இல்லை. உங்கள் பக்கத்தில் அடித்தது" என்றாள்.

"ஏமாற்றுவதற்கா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? ரோமாபுரிக் காசு வருவது குறைந்திருக்கும், சந்தையில் காசு வேண்டியிருந்திருக்கும். அவன் கூட்டாளிகளும் அன்றைக்கு அவனைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்."

தோல் துண்டைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாள். காளைக் காசு இருந்த டப்பாவில் அதை வைத்துக்கொண்டாள். மழை விட்டிருந்தது. திரும்பும்போது பல்வீந்தரைக் கம்பியில் உட்கார வைத்து நான் ஓட்டினேன். கொஞ்ச தூரம்தான். அவர் கனம் ஜாஸ்தி.

ஊர் வந்து சேர்ந்ததும் லாங் பஜாருக்குப் போனேன். தள்ளுவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் புகுந்து கடையை அடைவதற்குள், இத்தாலியே பக்கம் என்று தோன்றியது. பாஷா பாய் ஒரு அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் தட்டுவதை நிறுத்தவில்லை.

"பாய், முடிவாயிடுச்சி" என்றேன்.

"நெசமா, போலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரோமாபுரி காசு இல்ல பாய். ஆனா பழசு. அந்தக் காலத்துலயே நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் ரோமாபுரி காசப் பாத்து வெட்டியிருக்கான். பாத்த மேனிக்கே வெட்டிட்டான், மூஞ்சி திரும்பிக்கிச்சி. காசைக் கையில பாத்தாதான் சத்தியமா சொல்வேன்னாங்க அந்தம்மா. ஆனா இப்பப் பண்ணினது இல்லன்னு சொன்னாங்க."

அவர் அண்டாவைக் கீழே இறக்கி வைத்தார்.

"அப்போ வரதராஜன் சார் சொன்னதும் பாதி கரெக்ட்டு. இது டைபீரியஸ் அடிச்சது இல்ல."

"ஆமா பாய்."

"ஆனா நான் பூ சுத்தல."

"இல்ல பாய்."

"இத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நான் பூ சுத்தலன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அங்க சொல்லு."

அங்கே என்றால் சங்கத்தில். வருஷக்கணக்கில் கூட்டத்துக்கு வருகிறேன், பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பதைத் தவிர வாய் திறந்ததில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு துண்டு நனைந்த பட்டைத்தோலும் ஒரு ரூபாய்க் காசும் கொண்டுபோனேன். பேச வராது என்று தெரியும், அதனால் செய்து காட்டினேன். ரூபாயைத் தோலில் அழுத்தி எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். எழுத்து திரும்பியிருக்கிறதா என்று கேட்டேன். பிறகு ராஜாவை மேசையில் வைத்தேன். நாற்காலி, கிளை, விளிம்பில் வெடிப்பு. எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

வரதராஜன் சார் வெகு நேரம் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. வெடிப்பைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். "வெடிப்பை அன்னிக்கு நான் பாக்கலையே. முகத்தைப் பாத்ததோட நிறுத்திட்டேன்" என்றார். காசை எடை போட்டார், குறித்துக்கொண்டார். மியூசியத்திலும் காட்டலாம் என்றார், காட்டினோம். அவர்களும் லூச்சியா அம்மா சொன்ன பக்கம்தான் சாய்ந்தார்கள். இந்த மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அன்றே சொன்னார். பாய் வராமல் எழுத மாட்டேன் என்றேன். நான் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

அவர் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு லாங் பஜாருக்குப் போனார். கடை வாசலில் நின்று, "பாய், டீ ஆறிடுச்சி, வாங்க" என்றார்.

பாஷா பாய் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது ஆறி எவ்ளோ மாசம் ஆவுது சார். இப்போ கெட்டிருக்கும்."

"புதுசா போடச் சொல்றேன்."

"இஞ்சி ஜாஸ்தியா இருக்கணும். சக்கர கம்மி."

"ஜாஸ்தி, கம்மி. வேற?"

"கடையில ஆள் இல்ல சார். பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மலருக்கு நேரமாகிறது என்று சார் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். நான் எழுதவில்லை.

இன்று காலை கூட்டம் ஆரம்பித்துப் பாதியில் கதவு திறந்தது. பாஷா பாய் வந்து அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார்.  டீ வந்தது. ஊதினார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இஞ்சி பத்தல" என்றார். மீதியையும் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

நான் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, எழுத உட்கார்ந்தேன்.

ஆம்பூர்,
ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.